தோளுக்குத் திரும்பிய இராயப்பர் சப்பரம்: காசிமேட்டில் ஒரு பழுதுபார்ப்பு

சென்னைக் காசிமேட்டில் எங்கள் தெருக் கெபியின் (குகை மாதிரிக் கட்டிய சின்ன வழிபாட்டு இடம்) இராயப்பர் சப்பரத்தை, அதாவது புனித பேதுருவின் சப்பரத்தை, இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் ஆணி ஆணியாகப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடியும் தோளில் தூக்கும்படி செய்து முடித்தோம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கமெல்லாம் இதே மாதிரி மரச் சப்பரம் வைத்திருக்கிற தெருக்கள் நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எதை எப்படிச் செய்தோம் என்று எழுதி வைக்கிறேன். எனக்குத் தொழில் ஃபைபர் படகு பழுது பார்ப்பது. மர வேலையை முறையாகக் கற்ற படகு ஆசாரி ஒருவர் கூட இருந்தார். மற்றவர்கள் எல்லாம் தெருப் பிள்ளைகள்.

நேரம் எங்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இராயப்பர், சின்னப்பர் (புனித பவுல்) திருநாள் ஜூன் 29. அதாவது ஆட்களுக்குக் கை சும்மா இருக்கிற காலத்தில் வேலையை ஆரம்பித்து, கொடியேற்றத்துக்கு முன்னால் முடித்துவிடலாம். வலையும் படகும் இதே காலத்தில்தான் பழுது பார்க்கப்படுகின்றன என்பதால் கருவி, கயிறு, ரெசின் எல்லாம் ஏற்கெனவே துறைமுகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

சப்பரத்தின் கதை இதுதான். நாலடிக்கு நாலடி தேக்குப் பீடம், நாலு தூண், மேலே கோபுரம் மாதிரி ஒரு மூடி, உச்சியில் சிலுவை. முதலில் தோளில் போனது. அப்புறம் தூக்க ஆள் சேரவில்லை என்று யாரோ இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம் வெல்டிங் செய்து, நாலு சின்ன டயரும் போட்டுக் கீழே மாட்டிவிட்டார்கள். சக்கரம் வந்ததும் எடையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லாமல் போய்விட்டது. வருஷா வருஷம் ஒரு அடுக்கு பிளைவுட், ஒரு வரிசை பல்பு, ஒரு இன்வெர்ட்டர், இரண்டு லாரி பேட்டரி என்று ஏறிக்கொண்டே போனது. போன வருஷம் தேர் பவனியில் இரும்புச் சட்டத்தின் ஒரு மூலை துருப்பிடித்து நடுரோட்டில் மடங்கிவிட்டது. இருபது பேர் ஓடிப்போய்ப் பிடித்ததால் இராயப்பர் சுரூபம் (சிலை) சாயவில்லை.

அன்றைக்கே தெருவில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. புதிதாக ஒரு டிரெய்லர் செய்து மினி லாரியில் இழுக்கலாம் என்று ஒரு பக்கம். பழையபடி தோளுக்கே கொண்டுபோகலாம் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். வண்டியில் போனால் டிரைவர் ஒருவர் போதும், மற்ற எல்லாரும் வேடிக்கை பார்க்கிறவர்கள். தோளில் போனால் பதினாறு வீட்டுப் பிள்ளைகள் அடியில் நிற்கிறார்கள். மாற்று ஆள் வேண்டுமென்று இன்னும் பதினாறு பேர் பக்கத்திலேயே நடக்கிறார்கள். ஒருவனுக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவன் தோள் கொடுக்கிறான். இராயப்பர் எங்களைப் போல வலை போட்ட மனுஷர். அவரை நாங்களே சுமக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், அதைக் கூட்டத்தில் சொன்னேன். பங்குச் சாமியாரும் ஒப்புக்கொண்டார், ஆனால் எடையைக் குறைத்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எடை எவ்வளவு என்று தெரியாமல் எதையும் ஆரம்பிக்க முடியாது. மீன் ஏலத்தில் கூடை வைத்து நிறுக்கிற மேடைத் தராசுகள் நாலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒன்று வைத்து, நாலு அளவையும் கூட்டினோம். 412 கிலோ. பிரித்துப் பிரித்து நிறுத்ததில் கணக்கு விளங்கியது. இரும்புச் சட்டமும் சக்கரமும் 118. பேட்டரியும் இன்வெர்ட்டரும் 58. பிற்பாடு ஒட்டிய பிளைவுட் அலங்காரம் 40. சுரூபம் 66. மூல மரச் சப்பரம் வெறும் 130 கிலோதான். அதற்கு மேல் ஏறியதில் சுரூபத்தைத் தவிர மற்ற எல்லாம் இறக்கக்கூடிய பாரம்.

மரத்தைச் சோதிக்க ஒரு கூர்மையான குத்தூசி போதும். நல்ல தேக்கில் முனை இறங்காது, உளுத்த இடத்தில் சோப்பில் குத்தினதுபோல் இறங்கும். பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்பவே கூடாது. எங்கள் சப்பரத்தில் தூண்களின் நடுப்பகுதி உறுதி. தூண் பீடத்தில் இறங்குகிற குழிகளும், பீடத்தின் முன் விளிம்பும்தான் போயிருந்தன. ஏன் அங்கே மட்டும் என்று பார்த்தால், பூ அலங்காரம். ஈரப் பூச்சரத்தைக் குண்டூசியும் சின்ன ஆணியும் அடித்துத்தான் நிறுத்துகிறார்கள். திருநாள் முடிந்ததும் பூவைப் பிய்த்து எடுப்பார்கள், ஆணி அப்படியே நிற்கும். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து ஊதும். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கிற சாமான், அதனால் மரத்தை உள்ளிருந்தே பிளக்கும். அந்தப் பிளவில் அடுத்த வருஷப் பூத்தண்ணீர் இறங்கும். முன் விளிம்பில் ஒரு சாண் நீளத்தில் மட்டும் உடைந்த ஆணித் துண்டுகள் ஒரு கைப்பிடி வந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மரம் கறுத்து, விரலால் நிமிண்டினால் தூளாகக் கொட்டியது.

பெயின்டைச் சுரண்டும்போது கவனம் தேவை. மேலே வெள்ளி, அடியில் கிரீம், அதற்கடியில் நீலம், கடைசியில் ஒரு பச்சை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பூச்சு எதையும் உலர்ந்தபடி தேய்க்கவில்லை. தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் போட்டு, முகக்கவசம் கட்டி, விழுந்த சேற்றைத் தார்ப்பாயில் வாங்கிக் கட்டிப் போட்டோம். சின்னப் பிள்ளைகள் ஆசையாக உதவிக்கு வந்தார்கள். இந்த வேலை முடிகிற வரைக்கும் அவர்களைக் கிட்டவே விடவில்லை.

உளுத்த விளிம்பை வெட்டி எடுத்துப் புதுத் தேக்குத் துண்டு ஒட்டியது ஆசாரியின் வேலை. மரத்தை நேராக முட்டவைத்து ஒட்டினால் நிற்காது. ஒரு அங்குல கனத்துக்கு எட்டு அங்குல நீளம் வருகிற மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாகச் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து எபாக்ஸியால் ஒட்டினார். படகுப் பலகை நீட்டுவது இப்படித்தான். தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கும், அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னரால் துடைத்துக் காயவிட வேண்டும். நாங்கள் படகுக்குப் போடுகிற பாலியஸ்டர் ரெசின் தேக்கில் சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் தோல் மாதிரி உரிந்து வரும். தேக்குக்கு எபாக்ஸி, பிளைவுட் மூடிக்கு ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) என்று பிரித்துக்கொண்டோம்.

மூடிக்கு ஆறு மில்லி மெரைன் பிளைவுட். அதன் மேல் ஒரே ஒரு அடுக்கு மேட். மழைக்கு அது போதும், அதற்கு மேல் போட்டால் எடைதான். ஜூன் மாதம் சாயங்காலத்தில் திடீரென்று இடியோடு மழை கொட்டுவது சென்னையில் வழக்கம், அதனால் மூடி தண்ணீர் குடிக்கக் கூடாது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் எந்தக் காரணத்துக்கும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை முழுதாகக் கலக்கி முடித்துவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதுகூட வேண்டாம். மே மாத வெயிலுக்கு ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று போதும். வெயில் ஏறுவதற்கு முன்னால், விடியற்காலையில் பூசிவிட வேண்டும்.

இனி இந்த வேலையின் மையத்துக்கு வருகிறேன். பழைய சப்பரத்தில் தூண், மூடி, சட்டம் எல்லாவற்றையும் ஆணியும் போல்ட்டும் போட்டு அசையாமல் இறுக்கியிருந்தார்கள். ரோட்டில் சப்பரம் நடக்கிறது, குலுங்குகிறது, தோள் மாறும்போது ஒரு பக்கம் தாழ்கிறது. அசைய விடாத மூட்டு இருந்தால், அந்த அசைவு எங்கேயாவது மரத்தைப் பிளந்துதான் வெளியே வரும். பிரித்தபோது பார்த்த பிளவுகள் எல்லாம் போல்ட் துளையிலிருந்துதான் கிளம்பியிருந்தன.

இதற்கான தீர்வு எங்கள் கரையிலேயே கிடந்தது. துறைமுகம் வருவதற்கு முன்னால் சென்னைக் கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்குச் சரக்கும் ஆளும் ஏற்றியிறக்கிய மசூலா படகுகளில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடித்தாலும் பலகை நெளிந்து கொடுக்கும், உடையாது. இராயபுரத்துப் புனித பேதுரு ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டில் தங்கள் காசில் கட்டியவர்கள் அந்தத் தொழிலில் இருந்த படகுக்காரர்கள்தான். கட்டுமரமும் அப்படியே, கட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டியதுதான். ஆகவே தூணுக்கும் மூடிக்கும், பீடத்துக்கும் தோளில் தாங்குகிற தண்டுக்கும் ஆணி வேண்டாம், கயிற்றுக் கட்டுதான் என்று முடிவு செய்தோம்.

கட்டுவதற்குப் பெரியப்பாவை அழைத்து வந்தோம். கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர், இப்போது கண் சரியாகத் தெரியாது, கைக்கு மட்டும் எல்லாம் தெரியும். கயிற்றை அவரே தேர்ந்தெடுத்தார். தென்னங்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும், ஒரு ராத்திரி பவனிக்கு அந்த மாற்றம் ஒத்துவராது. பிபி (பாலிபுரொப்பிலீன்) கயிறு வழுக்கும், வெயிலில் நொறுங்கும். நைலான் எடுத்தார். ஆனால் நைலான் பாரம் ஏறினால் நீளும். அதனால் கட்டுவதற்கு முன்னாலேயே கயிற்றின் ஒரு முனையைத் துறைமுகத்துத் தூணில் கட்டி, மறு முனையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க நீளவிட்டோம்.

தண்டும் பீடமும் குறுக்கிடுகிற இடத்தில் அவர் போட்ட கட்டைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தண்டில் ஒரு முடிச்சு. பிறகு பீடச் சட்டத்தின் மேல், தண்டின் கீழ், மறுபடி மேல் என்று சுற்று சுற்றாக, ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறாமல் பக்கம் பக்கமாகப் படியவைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் காலைத் தண்டில் உதைத்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தார். ஆறு சுற்று ஆனதும் நான் முடிச்சுப் போடப் போனேன்.

"இருப்பா, அவசரப்படாத. இதோட உட்டா ஊரு போய் சேராது. நடுவுல குறுக்க இறுக்கணும்."

இரண்டு மரத்துக்கும் இடையில் தெரிகிற கயிற்றுத் தொகுதியைச் சுற்றி, குறுக்காக மூன்று சுற்று போட்டு இழுத்தார். அதுவரை தட்டினால் சத்தமில்லாமல் இருந்த கயிறு, இப்போது சுண்டினால் அதிர்ந்தது. அந்த மூன்று சுற்றுதான் மொத்தக் கட்டையும் இறுக்குகிறது. பவனிக்கு நடுவில் தளர்ந்தால் முழுதையும் அவிழ்க்க வேண்டியதில்லை, குறுக்குச் சுற்றை மட்டும் அவிழ்த்து மறுபடி இறுக்கினால் போதும். தெருப் பையன்கள் எட்டுப் பேருக்கு அவர் இதைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். கயிறு மரத்தை அறுக்காமல் இருக்கப் பழைய லாரி டியூப் துண்டுகளை இடையில் வைத்தோம்.

தண்டு பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் குழாய் போடலாம் என்று யோசனை வந்தது. இரும்பு தோளை அறுக்கும், ஒரு தடவை வளைந்தால் வளைந்ததுதான். மரம் உடைவதற்கு முன்னால் கறகறவென்று சத்தம் கொடுக்கும், இறக்கி வைக்க நேரம் கிடைக்கும். பழைய தண்டு இரண்டில் ஒன்று நன்றாகவே இருந்தது. ஆனாலும் அதோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் வேறு வேறு அளவில் வளையும், சப்பரம் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் இரண்டையுமே மாற்றி, ஒரே கட்டிலிருந்து நன்றாகக் காய்ந்த சவுக்கு எடுத்தோம். இருபதடி நீளம், மூன்றரை அங்குல கனம், ஒன்று 35 கிலோ. தூக்குகிறவர்கள் நிற்கிற மாதிரியே இரண்டு முனையையும் தாங்கவைத்து, நடுவில் 50 கிலோ மணல் மூட்டை ஐந்தைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க விட்டோம். உண்மையில் ஒரு தண்டுக்கு வரப்போகிற பாரத்தைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். காலையில் மூட்டையை இறக்கியதும் இரண்டும் நேராக நிமிர்ந்தன, விரிசல் இல்லை.

சுரூபம் பழைய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பவனிக்கு மட்டும் எடை குறைந்த ஃபைபர் சுரூபம் ஒன்று செய்துகொள்ளலாம், பல ஊர்களில் அப்படிச் செய்கிறார்கள். எனக்கே அதைச் செய்யத் தெரியும். செய்யவில்லை. தலைமுறையாகத் தொட்டு முத்தமிட்டுக் காலடி வழவழப்பாகிப் போன சுரூபம் அது. கடலுக்குப் போனவன் திரும்பி வரவேண்டும் என்று அதன் முன்னால்தான் தெருப் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். அதுதான் வீதிக்கு வர வேண்டும். 66 கிலோவை வேறு இடத்தில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

சாவி பிடித்த கையில் இரண்டு விரல் உடைந்திருந்தது. பிளாஸ்டரில் இரும்புக் கம்பி வைத்தால் துரு வெளியே கறையாக வரும், அதனால் செம்புக் கம்பி வைத்து விரலைப் பிளாஸ்டரால் வளர்த்தோம். சாவிகள் இரண்டும் புதுப் பித்தளை, ஒன்றுக்கு மட்டும் வெள்ளி முலாம். காலடியில் இருக்கிற சேவலின் கொண்டைக்குச் சிவப்பு அடித்தது தெருவின் கடைக்குட்டிப் பிள்ளை ஒன்று. பீடத்தில் சுரூபத்தை போல்ட் போட்டு இறுக்காமல், டியூப் ரப்பர் மெத்தையில் உட்காரவைத்து, இடுப்பளவில் நாலு திசைக்கும் அகலமான நாடா இழுத்துக் கட்டினோம். அங்கியின் நிறத்திலேயே நாடா எடுத்ததால் வெளியே தெரியாது.

உயரம்தான் எனக்கு அதிகக் கவலை தந்தது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். சப்பரம் கட்டுகிற எவருக்கும் அது மனதில் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் மின்சாரம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் பில்லர் பெட்டி வழியாக வருகிறது என்றாலும், தெரு விளக்கு ஒயர், கேபிள் டிவி, இன்டர்நெட் ஒயர் எல்லாம் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடும் உயர்ந்துகொண்டே வருகிறது. வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ரோடு உயர்ந்த அளவுக்கு ஒயர் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். கோபுரத்தின் மேல் பாதியைக் கீலில் பின்பக்கம் மடியும்படி மாற்றினோம். மடக்கினால் ரோட்டிலிருந்து உச்சிக்குப் பதினொன்றரை அடி. பித்தளைச் சிலுவையை எடுத்துவிட்டு மரச் சிலுவை. பவனி போகிற பாதையை மின்வாரிய ஊழியரை அழைத்து நடந்து காட்டி, எங்கே மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். ஒயரைத் தூக்கிவிட மூங்கில் கவைக்கோல் பிடித்து முன்னால் போகிறவர் கேபிள் டிவி ஒயரை மட்டும்தான் தொடலாம், வேறு எதையும் தொடக்கூடாது என்பது கண்டிப்பு.

விளக்குக்கு 230 வோல்ட் வேண்டவே வேண்டாம். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கிற எல்இடி பட்டை, மொத்தம் பத்து மீட்டர், 48 வாட். 12 வோல்ட்டில் நாலு ஆம்பியர். மூன்று மணி நேரப் பவனிக்குப் பன்னிரண்டு ஆம்பியர்-அவர். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்ற கணக்கில் 26 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி ஒன்று, எட்டு கிலோ. நீளமான பட்டைக்கு ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் மறு முனை மங்கும், இரண்டு முனையிலும் கொடுக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். 58 கிலோ எட்டானது.

பூக்காரரோடு பேச்சு நீண்டது. ஆணி அடிக்காமல் எப்படி என்று கேட்டார், அவர் பக்கம் நியாயம் உண்டு. பீடத்தைச் சுற்றியும் தூண்களிலும் மெல்லிய கயிறு ஓட்டி, அதன் மேல் பழைய மீன் வலையைப் போர்த்திக் கொடுத்தோம். வலைக் கண்ணில் காம்பைச் செருகி நூலால் கட்டிவிடலாம். ஆணி அடிப்பதைவிட இது வேகம் என்று அவரே பிறகு சொன்னார். திருநாள் முடிந்ததும் வலையோடு சேர்த்துப் பூவைக் கழற்றிவிடலாம், மரத்தில் ஒரு துளிகூடத் தங்காது.

பூவும் பேட்டரியும் ஏற்றி, தண்டோடு சேர்த்துக் கடைசியாக நிறுத்தபோது 286 கிலோ. பதினாறு பேருக்குத் தலைக்குப் பதினெட்டு கிலோ கூட வரவில்லை. ஆனால் கணக்கில் வருகிற மாதிரி தோளில் வராது. உயரமானவன் பக்கத்தில் குட்டையானவன் நின்றால் உயரமானவனே இரண்டு பங்கு சுமப்பான். ஆகவே பையன்களைச் சுவரோரம் நிற்கவைத்துத் தோள் உயரத்தைச் சாக்பீஸால் குறித்து, நாலு நாலாகப் பிரித்தோம். வெறும் சப்பரத்தில் மணல் மூட்டை வைத்து ராத்திரியில் தெருவை வலம் வந்து பழகினோம். கால் ஒன்றாகப் போகக் கூடாது என்று பெரியப்பா சொன்னார். ஒன்றாக மிதித்தால் தண்டு ஏறி இறங்கி ஊஞ்சலாடும். ஆளாளுக்குச் சொந்த நடையில் போனால் அமைதியாக மிதக்கிறது.

கொடியேற்றத்தன்று சாமியார் மந்திரித்தார். பவனியில் வழக்கப்படி முதலில் மிக்கேல் சம்மனசு (வானதூதர்), பிறகு அந்தோணியார், மாதா, கடைசியில் இராயப்பர். மாலை போட்டவர்களில் பாதிப் பேர் இந்துக் கோயிலுக்குப் போகிறவர்கள், பக்கத்துத் தெரு அம்மன் கோயில் தர்மகர்த்தாவும் மிளகும் உப்பும் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுப் போனார். வழியில் தண்டுக் கட்டு ஒன்று மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. சப்பரத்தை முக்காலியில் இறக்கி, ஜெபமாலையின் ஒரு தேவ இரகசியம் (ஒரு பத்து மணி ஜெபம்) முடிவதற்குள் பையன்களே குறுக்குச் சுற்றை இறுக்கித் தூக்கிவிட்டார்கள்.

இப்போது எல்லாவற்றையும் அவிழ்த்து, தூண் தனி, மூடி தனி, பீடம் தனியாகக் கெபிக்குப் பின்னால் உள்ள அறையில் தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கியிருக்கிறோம். சவுக்குத் தண்டுகள் வளையாமல் இருக்கச் சுவரில் மூன்று இடத்தில் தாங்கி நிற்கின்றன. கயிறு ஒவ்வொன்றிலும் எந்த மூட்டுக்கு என்று துணிச் சீட்டுத் தைத்தாயிற்று. பீடத்தின் நாலு மூலைச் சம்மனசுகளின் சிறகுகள் இன்னும் பாக்கி. மூலச் செதுக்கலில் பாதி உளுத்துவிட்டது, மிச்சத்தைப் பார்த்து அச்சு எடுக்க வேண்டும். இந்த வகைச் சிறகு செதுக்கத் தெரிந்த கை யாரிடமாவது இருந்தால், அடுத்த தடைக்காலத்துக்கு முன் காசிமேட்டுப் பக்கம் வாருங்கள்.